எச்ச ஒளிக்குள் ஒரு வளையம்

2024 பிப்ரவரி 6

மகர விண்மீன் குழுவிலுள்ள எச்.டி. 191089 என்ற விண்மீனை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் நிக்மாஸ் என்ற அகச்சிவப்புக் கருவி 1.1 மைக்ரான் அலைநீளத்தில் எடுத்த பதிவுகளைக் காப்பகத்திலிருந்து இறக்கினேன். 1999 முதல் 2006 வரை எடுத்த பழைய பதிவுகளிலிருந்து வானியலாளர் சுமேரின் குழுவினர் 2014இல் வெளிக்கொணர்ந்த, விண்மீன்களைச் சுற்றியுள்ள ஐந்து தூசு வட்டுகளுள் இதனுடையதும் ஒன்று. விண்மீனின் ஒளியைத் தடுக்கும் கொரோனாகிராஃப் அதன் நடுப்பகுதியை ஒரு சிறு துளைக்குள் விழச்செய்து மறைத்தும், அந்தத் துளையைச் சுற்றிச் சிதறிய ஒளியில் வட்டின் சாயல்கூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 9

அந்தச் சிதறிய ஒளியை நீக்க, வட்டில்லாத ஒரேயொரு ஒப்பீட்டு விண்மீனின் படத்தை இதன் படத்திலிருந்து கழித்ததில் திட்டுத்திட்டான எச்சமே மிஞ்சியது. 1984இல் பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் வட்டைக் காட்ட வானியலாளர்கள் ஸ்மித்துக்கும் டெரிலுக்கும் ஆல்ஃபா பிக்டோரிஸ் என்ற ஒரே ஒப்பீட்டு விண்மீன் போதுமாயிருந்தது. அந்த வட்டு அவ்வளவு பிரகாசமானது. ஹப்பிளோ ஏறத்தாழ 96 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும்போது வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுவதால், அதன் கண்ணாடிகளுக்கு இடையிலான தொலைவு சில மைக்ரான் நகர்ந்து, விண்மீனின் ஒளிக்கோலமும் சுற்றுக்குச் சுற்று மாறிவிடுகிறது.

பிப்ரவரி 15

வேறு பல விண்மீன்களின் பதிவுகளைத் திரட்டி, 2012இல் வெளியான கிளிப் என்ற கணக்கீட்டு முறையில் அவற்றை முதன்மைக் கூறுகளாக, அதாவது அவற்றுக்குப் பொதுவான ஒளிக்கோலங்களாக, பிரித்துக் கழித்தேன். சாய்ந்த நீள்வட்டமாக ஒரு வளையம் எழுந்தது! ஆசையில் கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனேன். பின்னணி துப்புரவாகத் துப்புரவாக வளையம் மெலிந்து, அதன் இருபுறமும் எதிர்மதிப்புள்ள கரும்பட்டைகள் விழுந்தன. களையோடு பயிரையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரி 16

தொலைநோக்கியை வெவ்வேறு கோணங்களில் திருப்பி எடுத்த இரண்டு நிலைகளின் படங்களையும் தனித்தனியே கழித்து, வானத்தின் வடக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கருவியால் வந்த புள்ளிகள் இடம் மாறின, வளையம் மாறவில்லை.

பிப்ரவரி 21

வட்டில்லாத ஓர் ஒப்பீட்டு விண்மீனின் பதிவில், பிரகாசம் தெரிந்த செயற்கை வளையம் ஒன்றைச் சேர்த்து, அதே கழித்தல் வழியே அனுப்பினேன். இட்டதைவிடக் குறைவாகவே திரும்பியது. அதிலும் துளைக்கு அருகிலுள்ள பகுதிகள் நீள்வட்டத்தின் முனைகளைவிட அதிகமாக இழந்திருந்தன. ஆகவே வளையத்தின் ஒரு பக்கம் மங்கலாகத் தெரிவதைக்கொண்டு அங்கே தூசு குறைவு என்று எழுதுவது தவறாகும். படத்திலிருந்து நேரடியாக அளந்த என் பழைய பிரகாசக் கணக்குகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மாதிரி வட்டுகளையே இதே வழியில் கழித்துப் படத்தோடு ஒப்பிடத் தொடங்கியிருக்கிறேன்.