தண்ணீர் காட்டக் கூடாத சட்டை

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் பழந்துணிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்த காலம். ஒரு நாள் என் மேஜைக்கு ஒரு பருத்திச் சட்டை வந்தது. இந்தியாவில் சுல்தான்கள் ஆண்ட காலத்தது. 15 அல்லது 16ஆம் நூற்றாண்டு. அரைக்கை, முன்பக்கத் திறப்பு. தள்ளி நின்றால் சட்டை, கிட்டே போனால் புத்தகம். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றுக்குள் எறும்பு வரிசையாக அரபு எழுத்து. குர்ஆனின் 114 அத்தியாயங்களான சூராக்களையும் ஒரே சட்டையில் எழுதும் வழக்கம் அப்போது இருந்தது. ஓரங்களில் பொன் எழுத்தில் இறைவனின் 99 திருநாமங்கள். உடம்பளவுக்கு ஒரு தாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததெல்லாம் துணி வேலை. அழுக்கா, அலசு. சுருக்கமா, லேசாக ஈரம் காட்டி நீவு. கை தானாக அதற்குத்தான் போனது. காகிதப் பிரிவிலிருந்த மூத்தவர் ஓடி வந்து தடுத்தார். கஞ்சி போட்டு, வழவழவென்று தேய்த்து, துணியைக் காகிதமாக்கிய பிறகுதான் பேனாவையே எடுத்திருக்கிறார்கள். மையோ விளக்குக்கரியும் வேலம்பிசினும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஓர் ஆயத்து, ஒரு குர்ஆன் வசனமே, போய்விடும். எனக்கு வியர்த்துவிட்டது.

அப்புறம் பல வாரங்களுக்கு மென்தூரிகையும் உருப்பெருக்கியும்தான். மடிப்பு விழுந்த இடங்களில் நூல் தாங்கிக்கொண்டது. கஞ்சிப் பூச்சு வெடித்து எழுத்து உதிர்ந்திருந்தது. கழுத்தோரம் ஒரு மஞ்சள் கறை. படிவத்தில் 'அழுக்கு' என்று எழுதியவன், அடித்துவிட்டு 'வியர்வையாக இருக்கலாம்' என்று திருத்தினேன். யாரோ இதை உண்மையிலேயே உடுத்தியதற்கு அதைவிட வேறு சாட்சி ஏது?

இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் இப்படிப்பட்ட சட்டைகள் நிறைய உண்டு. உதுமானியப் பேரரசின் இளவரசர் ஜெம்முக்காகச் செய்த ஒன்றில் தொடங்கிய நாளும் முடித்த நாளும் குறித்திருக்கிறது: 1477, 1480. மூன்று வருஷ உழைப்பு. மறுவருஷமே அண்ணன் பாயெசித்திடம் அரியணைப் போட்டியில் தோற்று ஓடினார். 1495இல் இத்தாலியில் இறந்தார். சட்டையைப் போட மறந்துவிட்டாரோ என்று ஒரு மதியம் சிரித்துக்கொண்டோம்.

எங்கள் சட்டையைப் பொம்மைமேல் மாட்டவில்லை. சாய்வுப் பலகையில், 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் படுக்கவைத்தோம். காட்சி முடிந்ததும் அது எந்தப் பிரிவின் அலமாரிக்குப் போவது, துணியா காகிதமா என்ற தகராறு நான் கிளம்பும்வரை தீரவில்லை.