ஸ்வீட்வாட்டரின் சிவப்பு விளக்குகள்

சென்ற மாதம் டாலஸிலிருந்து மேற்கே வண்டி ஓட்டிப் போனேன். மேற்கு டெக்சஸில் உள்ள ஸ்வீட்வாட்டர் ஊரை நெருங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அடிவானம் நெடுக நூற்றுக்கணக்கான சிவப்பு விளக்குகள் ஒரே நொடியில் எரிந்து, ஒரே நொடியில் அணைந்தன. அத்தனையும் காற்றாலைகள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1999இல் டெக்சஸ் சட்டம் மின் நிறுவனங்களிடம் கட்டாயமாகக் கேட்டது, காற்று, சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பத்தாண்டுகளில் புதிதாக 2,000 மெகாவாட் மட்டுமே. 2005இல் வைத்த இலக்கு, 2025க்குள் 10,000. அதையும் பல ஆண்டுகள் முன்பே தாண்டிவிட்டார்கள்.

ஆனால் சட்டம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. மேற்கே காற்று, கிழக்கே நகரங்கள். நடுவில் போதிய கம்பி இல்லாததால் பல நாள் காற்றாலைகளை நிறுத்திவைத்தார்கள். 2014இல் முடிந்த சுமார் 3,600 மைல் மின்தடங்கள்தான் அந்த முடிச்சை அவிழ்த்தன. செலவு ஏறத்தாழ 700 கோடி டாலர். என் மின்கட்டண ரசீதில் 'விநியோகக் கட்டணம்' என்று தனியே வரும் தொகையில் அதன் பங்கும் இருக்கிறது. மாதாமாதம் மனமாரத்தான் கட்டுகிறேன்.

2023இல் 1999ஆம் ஆண்டின் அந்தக் கட்டாயத்தை நீக்கச் சட்டம் இயற்றினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. புதிய மின்தடங்களுக்குக் கஞ்சத்தனம் காட்டினால்தான் கோபம் வரும்.