ஸ்க்ரூபுலாசிட்டி: ஒரு பாவசங்கீர்த்தனத்தை முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது

வேளாங்கண்ணியில் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது கத்தோலிக்கக் குருவான சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்று, பூசையில் இயேசுவின் உடலாகிய அப்பமான நற்கருணை வாங்கி, திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நாகப்பட்டினம் தாண்டும்வரை மனசு அவ்வளவு லேசாக இருந்தது. திருவாரூர் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது. அத்தையிடம் சொன்ன பொய்யை ‘ஐந்தாறு தடவை’ என்று சாமியாரிடம் சொன்னேனே, ஏழு தடவையாக இருந்தால்? வேண்டுமென்றே குறைத்துச் சொன்னேனா? அப்படியென்றால் பாவத்தை மறைத்திருக்கிறேன். மறைத்தால் பாவசங்கீர்த்தனம் செல்லாது. செல்லாத பாவசங்கீர்த்தனத்தோடு நற்கருணை வாங்கினால் தேவதுரோகம். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டு வந்ததும், திருச்சி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

ஆட்டோ பிடித்து ஒரு கோயிலுக்குப் போனேன். மத்தியான நேரம், சாமியார் ஓய்வில் இருந்தார். திண்ணையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வந்தவர், “காலையிலதான செஞ்சீங்க? அதுக்குள்ள என்ன? வேற வேலை இல்லையா உங்களுக்கு?” என்றார். பாவப் பொறுத்தல் கொடுத்தார். அழுதுகொண்டே மறுபடி பஸ் ஏறினேன். வல்லம் வருவதற்குள் அடுத்தது வந்தது: அவர் கோபத்தில் இருந்தாரே, மந்திரத்தை முழுசாகச் சொன்னாரா?

வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை ஆனது. இரண்டு வயதுப் பையன் என்னைத் தேடி அழுது தூங்கியிருந்தான். அந்த மாதத்தில் அது எனக்குப் பதினோராவது பாவசங்கீர்த்தனம், தஞ்சாவூரையும் சேர்த்தால் பன்னிரண்டு. திருச்சியில் எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குச் சாமியார் தொட்டியில், அதாவது பாவசங்கீர்த்தனம் கேட்கும் கூண்டில், உட்காருவார் என்பது எனக்கு மனப்பாடம். ஒருவருக்கு என் குரல் பழகிவிட்டது என்று தோன்றினால் அடுத்த கோயிலுக்குப் போய்விடுவேன். வேளாங்கண்ணிக்குப் போனதும் அதற்குத்தான், அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

இதற்கு ஸ்க்ரூபுலாசிட்டி என்று பெயர் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. லத்தீனில் ஸ்க்ரூபுலஸ் என்றால் கூரான சின்னக் கல். செருப்புக்குள் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் குத்துமே, அது. மருத்துவத்தில் இது ஓசிடியின் ஒரு வகை; வேண்டாத எண்ணம் விடாமல் வரும், அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய் அது. நம் பங்குகளில் இதற்குப் பெயர் இல்லை. “ரொம்ப பக்தியான பொண்ணு” என்பார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள்.

பையன் பிறந்து நாலாவது மாதம், தவக்காலத் தியானத்தில் செல்லாத பாவசங்கீர்த்தனம் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டேன். பிரசங்கத்தில் தப்பில்லை, சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். ஆனால் அன்று ராத்திரி ஏழாம் வகுப்பில் செய்த பாவசங்கீர்த்தனத்தைச் சோதிக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து வருடா வருடமாக மேலே வந்தேன். அப்புறம் எல்லாம் சேர்ந்துகொண்டது. நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. பல் துலக்கும்போது பேஸ்ட் உள்ளே போயிருக்குமோ என்று முதல் நாள் இரவோடு துலக்குவதை நிறுத்தினேன். கையில் நற்கருணை வாங்கினால் துகள் ஒட்டியிருக்குமோ என்று உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அந்தக் கையால் வீடு வரும்வரை பையனைக்கூடத் தொடமாட்டேன். பூசையில் சாமியார் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சொல்லவே கூசுகிற எண்ணங்கள் வரும். இதே நிலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவை எண்ணங்கள் மட்டும்தான் என்று அந்த நேரத்தில் நம்பவே முடியாது.

உதவி தேடிப் போன இடங்களில் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் அந்த வழியில் போகவேண்டாம். ஒரு செபக்குழுவில் தீய ஆவி என்றார்கள். மூன்று வெள்ளிக்கிழமை தலையில் கைவைத்து செபித்தார்கள். அதன்பிறகு அந்த எண்ணங்கள் என்னுடையவையா பேயினுடையவையா என்று புதிதாக ஒரு சோதனை சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் பலன்.

அதைவிடப் பெரிய சேதம் ஒரு நல்ல மனசுக்காரரால் வந்தது. வயதான சாமியார். “எல்லாத்தையும் எழுதிக் கொண்டுவாம்மா, ஒரேயடியா ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம் செஞ்சு முடிச்சிரலாம்” என்றார். நாற்பது பக்க நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதப் போனவள், மூன்று வாரத்தில் நோட்டை நிரப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். வெளியே வந்து வாசற்படி இறங்குவதற்குள் விட்டுப்போனது இரண்டு ஞாபகம் வந்தது. இந்தத் தொல்லை இருப்பவர்கள் தயவுசெய்து பொதுப் பாவசங்கீர்த்தனம் பக்கமே போகாதீர்கள். யார் சொன்னாலும், “எனக்கு இந்த நோய் இருக்கிறது ஃபாதர்” என்று முதலில் சொல்லுங்கள்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கும் இதே நடந்திருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது எல்லாவற்றையும் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். குத்தல் நிற்கவில்லை. மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையதைச் சொல்லாதே என்று அவருடைய குரு கட்டளையிட்டார். ஆனால் அவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்ததாம்! அந்த இடத்தைப் படித்தபோது நான் வாய்விட்டு அழுதேன். ஒரு கட்டத்தில் உயிரை விட்டுவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கிறது. பழையதை இனி எதற்காகவும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுபட்டார்.

டாக்டர் விஷயத்திலும் முதல் பயணம் வீண். வெளியூரில் ஒரு மனநல மருத்துவரிடம் வீட்டுக்காரர் அழைத்துப் போனார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “ஆறு மாசம் கோயிலுக்குப் போறதை நிறுத்துங்க” என்றார். பூசையைத் தவறவிட்டால் ஆன்மாவையே சாகடிக்கும் சாவான பாவம் என்று நடுங்குகிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது? மருந்துச் சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதில் எட்டு மாதம் போனது. மருந்து சரியானதுதான் என்று பிறகு தெரிந்தது. அவர் பேசிய விதத்தால் அதையும் இழந்தேன்.

திருப்பம் ஒரு தியான இல்லத்தில் வந்தது. தொட்டியில் நான் பேசப் பேச, அந்த ஃபாதர் நடுவில் நிறுத்தினார். “இதுக்கு முன்னாடி எப்பம்மா பாவசங்கீர்த்தனம் செஞ்சீங்க?” “நேத்து.” “அதுக்கு முன்னாடி?” “முந்தாநாள்.” அவர் திட்டவில்லை. பாவப் பொறுத்தல் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் வரச்சொன்னார். அங்கே மூன்று கட்டளை கொடுத்தார். இனி ஒரே குருவிடம், மாதம் ஒருமுறை. சாவான பாவம் என்று சத்தியம் பண்ண முடிந்தால் மட்டும் சொல்லவேண்டும். ‘இருக்குமோ’ என்று வந்தால், எனக்கு அது இல்லை என்றே அர்த்தம். பழையது எதையும் எக்காரணம் கொண்டும் திரும்பச் சொல்லக்கூடாது. கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். “உங்களுக்கு இருக்கிற பயத்துல முழு சம்மதம்ங்கிறது எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்.

இது தன் சொந்த யோசனை இல்லை, புனித அல்போன்ஸ் லிகோரி காலத்திலிருந்து குருக்கள் கையாளும் வழி என்றும் சொன்னார். லிகோரி பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களின் பாதுகாவலர்; அவருக்கே வயதான காலத்தில் இந்தக் குத்தல் இருந்திருக்கிறது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நவநாளுக்குப் போவேனே, பாலக்கரை சகாய மாதா கோயில், அது அவர் நிறுவிய சபையினுடையது. எத்தனை வருடம் அந்தக் கோயிலில் முழங்காலில் நின்றிருக்கிறேன்! இது மட்டும் என் காதில் விழவே இல்லை.

ஐந்து மாதம் தாக்குப்பிடித்தேன். மே மாதம் ஃபாதருக்கு மாற்றல் வந்தது.

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், எந்தப் பங்கிலும் நடப்பதுதானே. கட்டளையெல்லாம் வாய்வார்த்தையாகவே இருந்தது. புதிதாக வந்தவரிடம், “பழைய ஃபாதர் இதைச் சொல்லவேண்டாம் என்றார்” என்றேன். “சந்தேகம் இருந்தா சொல்லிடுறது நல்லதுதானே” என்றார் அவர். சாதாரண ஆளுக்கு அது நல்ல பதில். எனக்கு அது அணை உடைந்த மாதிரி. இரண்டு வாரத்தில் ஒன்பது பாவசங்கீர்த்தனம். கடைசியில் பழைய ஃபாதருக்கு போன் செய்தேன். அவர் அரைத்தாளில் அந்த மூன்று கட்டளையையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியோடு தபாலில் அனுப்பினார். ‘இவர் கீழ்ப்படிதலின்பேரில் இப்படிச் செய்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். புதியவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, “முதல்லயே கொடுத்திருக்கலாமேம்மா” என்றார். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தாளை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். மடிப்பு கிழிந்து, லேமினேஷன் போட்டேன். அதுவும் நோய்தான். இப்போது அது பீரோவில், ரேஷன் கார்டு கோப்புக்குள் இருக்கிறது.

தாள் எழுதிக்கொடுத்த அந்த ஃபாதர்தான் சிகிச்சை கட்டாயம் என்றும் சொன்னார். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு அளவுகோல் வைத்துக் கேள்விகள் கேட்டார். மொத்தம் 40, எனக்கு 29 வந்தது; 24 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை. செர்ட்ராலின் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் குமட்டல், தூக்கம் கெட்டது. பலன் தெரியப் பத்து வாரம் ஆனது. இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலை மாத்திரை நற்கருணை உபவாசத்தை முறிக்குமோ என்று எனக்கு ஒரு வாரம் ஓடியது. திருச்சபைச் சட்டம் 919 தண்ணீரையும் மருந்தையும் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

சிகிச்சைக்குப் போன மனநல ஆலோசகர் ஓர் இந்துப் பெண். எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் முதல் நாளே, “உங்க ஃபாதர் ‘இவங்க நல்ல கிறிஸ்தவர்’னு சொல்ற சாதாரண ஆள் ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அவங்க எப்படி பூசைக்குப் போறாங்களோ அப்படி நீங்க போகணும். பாவம் செய்யச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன்” என்றார். எனக்கு அது போதும். ஃபாதரோடு பேசிக்கொள்ளலாமா என்று கேட்டார். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை: தொட்டியில் கேட்டது எதையும் ஃபாதர் யாரிடமும் பேச முடியாது, பாவசங்கீர்த்தன இரகசியத்தின் முத்திரை முத்திரைதான், நானே சம்மதித்தாலும் அவர் அந்தப் பக்கம் போகத் தயாராக இல்லை. அதனால் ஒரு நாள் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, பாவசங்கீர்த்தனமாக இல்லாமல், என் நோயை மட்டும் முதலிலிருந்து சொன்னேன். அதன்பிறகே அவர்கள் இருவரும் பேசினார்கள். நீங்கள் ஆரம்பத்திலேயே தொட்டிக்கு வெளியே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்கால வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது வேண்டாம், தனியாக நேரம் கேளுங்கள்.

பயிற்சிகள் கேட்பதற்குச் சின்னவை. சிலுவை அடையாளம் ஒரே தடவை. பராக்கு வந்தாலும் செபமாலையில் அதே மணிக்குத் திரும்பாமல் அடுத்த மணி. நற்கருணை வாங்கியதும் கையைப் பார்க்காமல் இடத்துக்குத் திரும்பவேண்டும். ‘நான் பாவம் செய்திருக்கலாம்’ என்ற வாக்கியத்தை எழுதிவிட்டு, பதில் தேடாமல் இருபது நிமிடம் உட்காரவேண்டும். முதல் தடவை நாலாவது நிமிடத்தில் வியர்த்து ஊற்றி எழுந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கும் ஒரு பயிற்சி இருந்தது. தினமும் இருபது தடவை அவரிடம், “இது பாவமாங்க?” என்று கேட்பேன், அவரும் பாவம், “இல்லம்மா, இல்ல” என்பார். அந்தப் பதில்தான் நெருப்புக்கு எண்ணெய் என்றார் ஆலோசகர். “இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன், டீ போடவா?” என்று சொல்லப் பழகினார். முதல் வாரம் அவரிடம் சண்டை போட்டேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என்னால் திருப்பிக் கொடுக்க முடியாத உதவி அது.

ஈஸ்டருக்கு முந்திய இரவு, பாஸ்கா திருவிழிப்பு அன்று, நற்கருணை வரிசையில் நிற்கும்போது அந்த எண்ணம் வந்தது. மோசமானது. விலகிப் போக இடது பக்கம் இடம் இருந்தது. ‘ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவள்’ என்று அப்போதுதான் எல்லோரோடும் சேர்ந்து சொல்லியிருந்தேன். எண்ணத்தோடு எதிர்த்து நிற்காமல், அதையும் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். கை நடுங்கியது. வாங்கினேன். திரும்பி வந்து பையனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன், அந்தக் கையாலேயே.

இப்போது அளவுகோலில் 11. முழுசாகப் போகவில்லை, தவக்காலம் வந்தால் கூடும். யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்காகக் காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள்.

போன சனிக்கிழமை என் மாதாந்திர பாவசங்கீர்த்தனம். நாலு நிமிடத்தில் முடிந்தது. கோயில் கேட்டைத் தாண்டும்போது ஒன்று ஞாபகம் வந்தது, இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் போகவில்லை. மே மாதம் இந்த ஃபாதருக்கும் மாற்றல் இருக்கும் என்கிறார்கள். அந்தத் தாளுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.