வலிக்குத்தான்மா

"இது எதுக்கு மாத்திரை சார்?"

"வலிக்குத்தான்மா. ராத்திரி தூக்கமும் நல்லா வரும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று. இதே மருந்து மனச்சோர்வுக்கென்றால் 75 மில்லிகிராம், அதற்கு மேலும் போகும். வெளியே நாற்பது பேர் சீட்டோடு நிற்கும்போது அந்த மருந்தின் பூர்வீகத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பது?

மருந்துக்கடைப் பையன் சொல்லிவிட்டான்.

பத்து நாள் கழித்து அவர் வந்து மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். இரண்டுதான் குறைந்திருந்தது. "நான் உடம்பு வலின்னு வந்தேன். நீங்க மனசுக்கு எழுதியிருக்கீங்க. வீட்டுலயும் இதைத்தானே சார் சொல்றாங்க."

மூன்று வருட ஃபைல். ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை, தைராய்டு, முடக்குவாதப் பரிசோதனை, எல்லாம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் வீட்டில் அவருக்கு எதிரான சாட்சி. அது தெரிந்துதான் அன்று அப்படிச் சொன்னேனா, தெரிந்தும் சொன்னேனா?

ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயரையே அன்றுதான் முழுதாக விளக்கினேன். தசையிலோ மூட்டிலோ சேதமில்லை, வலியை உணரும் நரம்பு மண்டலம் கூர்மையாகிவிட்டது, வலி நிஜம். "மிளகாய் அரைச்ச கையில வெதுவெதுப்பான தண்ணி பட்டாலும் எரியுமில்ல, அந்த மாதிரி."

"அது சாயங்காலத்துக்குள்ள போயிடும் சார்."

பதில் வரவில்லை எனக்கு. தினமும் கொஞ்சம் நடங்கள் என்றேன். இருப்பதிலேயே வலுவான ஆதாரம் உடற்பயிற்சிக்குத்தான். நிற்கவே முடியாதவரிடம் அதைச் சொல்லும்போது கேலி மாதிரிதான் கேட்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த நோய்தான் என்று சொல்ல, 1990-இல் வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்தி, குறைந்தது 11-இல் வலிக்க வேண்டும். 2010-இல் அது தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனாலும் முதல் நாள் அழுத்திப் பார்த்தேன். அவர் வாயால் சொன்னதை நம்ப எனக்கும் விரல் தேவைப்பட்டதோ? ஆனால் அன்று அவர் சொன்னது: "நீங்க ஒருத்தர்தான் சார் தொட்டுப் பாத்தீங்க."

அட்டையைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் வரவில்லை.

இப்போதெல்லாம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், என்ன மருந்து, முன்பு எதற்கு, இப்போது ஏன் என்று. போன வாரம் ஓர் அம்மா பொறுமையாக முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அது வேண்டாம் சார், வலிக்கு மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.