மழை நாளில் வருகிறவர்

ஏழாம் கட்டிலுக்கு அடியில் ஏதோ நாறுகிறது என்று துப்புரவுப் பணியாளர் அக்கா வந்து சொன்னார். குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கவருக்குள் எலுமிச்சை அளவில் ஓர் ஒட்டுப்பால் பந்து. குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்தபின் வெட்டிய கோட்டில் நாடா போல உறைந்து கிடப்பதுதான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு முன் அதை உரித்தெடுப்பார்கள். பிள்ளைகள் அந்த நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்தாக்குவார்கள். தரையில் அடித்தால் கூரைவரை எழும்பும்.

"மகள் கொடுத்துவிட்டாள், சிஸ்டர். எறிந்துவிடாதீர்கள்" என்றாள் கட்டிலில் இருந்தவள்.

2018 மே மாதக் கடைசியில் அவள் எங்கள் கர்ப்பிணிகள் வார்டுக்கு வந்தாள். இரண்டாவது கர்ப்பம், 27 வாரம். முதல் குழந்தை சிசேரியன். இந்த முறை குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடி, நாங்கள் நஞ்சு என்போம், கர்ப்பப்பையின் வாயை முழுவதும் மூடி, பழைய தழும்பின் மேலேயே படிந்திருந்தது. வீட்டில் ஒரு நாள் காலையில் இரத்தம் பட்டிருக்கிறது. வலி எதுவும் இல்லை.

வலி இல்லாததுதான் இதில் பெரிய சிக்கல். வலித்தால் குடும்பம் நம்பும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டிலோடு பேசிக்கொண்டு இருப்பவளை ஏன் இரண்டு மாதம் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்காத மாமியாரை நான் கண்டதில்லை. நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு இரத்தம் பாய்கிறது. நஞ்சு கீழே இருந்து பெயரத் தொடங்கினால் அந்த இரத்தம் வெளியே வரும். மலையோரத்தில் இருந்து திருவட்டார், தக்கலை தாண்டி எங்களிடம் வந்து சேரும்வரை அது காத்திருக்காது. சிலர் தலையாட்டுவார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவளுடைய கணவர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க நண்பகல் ஆகிவிடும். அதன்பிறகு பஸ் ஏறி எங்களிடம் வந்து திரும்பினால் இரவு எட்டு மணி. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி எழ வேண்டும். எத்தனை நாள் முடியும்? மரம் நனைந்தால் வெட்ட முடியாது. ஆகவே மழை பெய்தால் அவர் வருவார். வெயில் அடித்தால் வரமாட்டார்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே மாதமே இறங்கிவிட்டது. அதிகாலை ஊசி போடப் போகும்போதெல்லாம் அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மழை பெய்தால் கணவர் வருவார், ஆனால் அன்றைய கூலி போய்விடும். பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா, பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்வாளா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மழை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கூட நிற்க அவளுடைய அம்மா வந்திருந்தார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைப்பவர். விரல்களில் முந்திரி ஓட்டு எண்ணெயின் கறுப்பு இறங்கியிருக்கும். எடைக்குத்தான் கூலி, போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் நின்றார். பிறகு பகலில் வேலைக்குப் போய் இரவில் மட்டும் வந்தார். பகல் முழுவதும் எட்டாம் கட்டிலுக்குத் துணையிருந்த, குளச்சல் பக்கத்து மீனவப் பெண் ஒருவர்தான் இவளுக்கும் கஞ்சி வாங்கிக் கொடுத்தார், கழிப்பறைவரை கூடப் போனார். அவருடைய மருமகனும் கடலுக்குப் போயிருந்தார். அப்படி யாரென்று அறியாதவர்கள் தாங்கித்தான் எங்கள் வார்டு ஓடுகிறது. கேஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லை.

மூன்றாம் வாரம் அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். கோழிக்கோட்டில் வௌவால் மூலம் பரவும் நிபா காய்ச்சல் வந்து பலர் இறந்து, அடங்கத் தொடங்கியிருந்த நேரம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் அந்தப் பயம் குறையவில்லை. வாளியில் கிடந்த மாம்பழத்தைக்கூட வௌவால் கடித்ததோ என்று திருப்பிப் பார்த்துத் தின்ற நாட்கள் அவை. போனில் செய்தி கேட்டதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ஒரு நாள், சிஸ்டர். பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்."

நான் திட்டினேன். அதை இன்றும் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். "வயிற்றில் இருக்கும் பிள்ளை செத்தாலும் பரவாயில்லையா உனக்கு? நீயெல்லாம் ஒரு தாயா?" வார்டு முழுவதும் கேட்டது. இருபது கட்டில்களும் அமைதியாகின. அவள் அழவில்லை. மருத்துவர் எடுத்துச் சொன்னார், கேட்கவில்லை. சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் நள்ளிரவு 108 வண்டியில் திரும்பி வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்ததும் அவள் சொன்னது, "அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான், சிஸ்டர்." தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் திட்டிவிடுவேன் என்று பயந்து முதலில் நியாயம் சொல்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. நரம்பு கிடைக்காமல் என் கை நடுங்கியது.

இரத்தப்போக்கு அன்று நின்றுவிட்டது. 30 வாரம். குழந்தையின் நுரையீரல் முதிர 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு டெக்சாமெத்தசோன் ஊசிகள் போட்டோம். இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினோம். மேலும் இரத்தம் தேவைப்படலாம் என்று சொன்னதைக் கேட்டு, அடுத்த மழை நாளில் கணவர் தோட்டத்தில் இருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் பால்வெட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைவு, எடுக்க முடியாது என்று இரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். "வந்ததற்குப் பலன் இல்லாமல் போயிற்று" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கும் சத்து மாத்திரை தேவை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி, நானே வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகுதான் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் யார், பிள்ளையை யார் பள்ளிக்கு விடுகிறார்கள், ராத்திரி யாரோடு தூங்குகிறாள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்பா மூன்று மணிக்கு எழுந்து போனபிறகு பிள்ளை விழித்து, விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இது தெரிந்த தாய் எப்படி அசையாமல் படுத்திருப்பாள்?

பந்தின் கணக்கும் அப்போதுதான் தெரிந்தது. அப்பா வெட்டிய நாளெல்லாம் ஒரு நாடா கொண்டுவருவார், மகள் சுற்றுவாள். மழை நாளில் நாடா கிடையாது, அன்று அப்பா அம்மாவைப் பார்க்கப் போவார். ஆகவே பந்து பெருத்தால் அவர் போகாத நாள் கூடியிருக்கிறது என்று பொருள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வார்டுக்குள் அனுமதி இல்லை. கண்காணிப்பாளரிடம் பேசினேன். அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போக மருத்துவர் ஒப்புக்கொண்டார், பதினைந்து நிமிடம். முதல் நாள் மகள் பக்கத்தில் வரவில்லை. தூண் அருகே நின்று அம்மாவின் வயிற்றையே பார்த்தாள். பிறகு பந்தைத் தரையில் உருட்டிவிட்டாள். அது நாற்காலிச் சக்கரத்தில் முட்டி நின்றது. அப்படித்தான் பேச்சு தொடங்கியது. வீட்டில் அவளுடைய சித்தி இரவில் வந்து படுப்பதற்கும் ஏற்பாடு ஆயிற்று. அந்தச் சித்தியைக் கேட்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி அந்த ஆண்டுதான் 18,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அதில் வந்த ஒரு தவணை பஸ் கூலிக்கும் மளிகைக் கடனுக்கும் போனது. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த வாரம் அவள் மழைக்காகக் கொஞ்சம் நிம்மதியாக வேண்டிக்கொண்டிருப்பாள்.

36 வாரம் முடிந்ததும் சிசேரியன். நஞ்சு தழும்பில் ஒட்டியிருந்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமாயிற்று. மூன்று யூனிட் ஏற்றினோம். கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை, 2 கிலோ 150 கிராம்.

இப்போதெல்லாம் நாள்பட்டுத் தங்குபவர்கள் வந்தால், டூட்டி மாறும் நோட்டில் இரத்த அழுத்தத்துக்குக் கீழே "வீட்டில் யார்" என்று ஒரு வரி எழுதுகிறேன். புதிதாக வரும் செவிலியர்கள் சிலர் அதை வெற்றிடமாக விடுகிறார்கள். நான் மறுபடி போய்க் கேட்டு நிரப்புகிறேன்.

அவள் வீட்டுக்குப் போன நாள் ஆகஸ்டு முதல் வாரம். காலை ஒன்பது மணிக்கே கணவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வார்டு வாசலில் நின்றார். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"வெயில் அடிக்கிறதே?" என்றாள்.