முகமாலைப் பெண்களிடம் கேட்காத கேள்விகள்

மிதிவெடி என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் பெண் இளவரசி டயானாதான். 1997 ஜனவரியில் அங்கோலாவின் உவாம்போவில், கவச உடையோடு அவர் நடந்த படம். அதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் டிசம்பரிலேயே மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் அவர் நடக்கும் முன் அந்தப் பாதையைத் துப்புரவு செய்தவர்கள் யார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இங்கே இலங்கையின் வடக்கில், மிதிவெடி அகற்றும் முகமாலையிலும் இதே கதைதான். கொளுத்தும் வெயிலில், கனத்த கவசமும் முகமூடியும் போட்டுக்கொண்டு, குறித்த ஆழம் வரை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிப் பார்க்கிற பெண்கள். அவசரப்பட்டால் கதை முடிந்தது. எந்த வெடி எப்படிப் புதைந்திருக்கும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பயிற்சி எடுத்துப் படித்த தொழில் இது. கமரா வந்தால் மட்டும் முதல் கேள்வி, "கணவர் எங்கே?" அடுத்தது, "பயமில்லையா?" பலர் குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள், உண்மைதான். அதற்காகக் கண்ணீர் வரும்வரை விடமாட்டேன் என்றால் எப்படி? (பின்னணியில் புல்லாங்குழல் வேறு!)

சம்பளம் போதுமா, முழங்கால் வலிக்கு யார் மருந்து தருவது என்று கேளுங்கள். அந்த உடன்படிக்கையின்படி இலங்கை மிதிவெடி அகற்றும் வேலையை முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். அதற்குப் பிறகு இவர்களுக்கு என்ன வேலை? அதையும் கேளுங்கள்.