செம்பு மணிக்குள் ஒரு நூல்

விளக்குத் திரிக்காகக் கொஞ்சம் கருங்கண்ணிப் பருத்தி கிடைத்தது. கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்ப்பதற்குள் நகக்கண் நொந்துவிட்டது. அப்போது மெஹர்கர் நினைவுக்கு வந்தது.

பலூசிஸ்தானில், போலன் கணவாய்ப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே ஒரு புதைகுழியில் எடுத்த செம்பு மணியின் துளைக்குள் பருத்தி இழைகள் இருந்தன. வயது 7,000 ஆண்டுக்கு மேல்! மண்ணில் பஞ்சு மக்கிப்போகும்தான். செம்பில் ஏறிய களிம்பு நூலைக் காப்பாற்றிவிட்டது.

மெக்சிகோவிலும் பெருவிலும் வேறு இனப் பருத்திகளை அங்கத்து மக்கள் தனியாகவே பயிராகப் பழக்கியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை.

காட்டுப் பருத்தியில் பஞ்சு கொஞ்சம்தான், அதுவும் குட்டை. அதை முறுக்கிப் பார்க்க முதலில் யாருக்குத் தோன்றியதோ! சரி, எனக்கு இதுவரை இரண்டு திரிதான் தேறியிருக்கிறது.